வெள்ளைக் கவுன் போட்ட பையன்

நான் சுத்தம் செய்யும் கட்டடத்தில் ஓர் அறைக்குள் மட்டும் துடைப்பம் கொண்டுபோகக் கூடாது. தூசி உறிஞ்சும் இயந்திரமும் கூடாது. நன்றாகப் பிழிந்த துணியைக் கோலில் சுற்றி, பக்கத்தில் பச்சைப்பிள்ளை தூங்குகிறது என்பதுபோல மெதுவாக இழுக்க வேண்டும். விளக்கும் அங்கே மங்கல்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் என் காலைச் சுட்டிக்காட்டி, பிறகு தன் காலைத் தூக்கிப் பூப்போல வைத்துக் காட்டினார். உள்ளே யாரோ நோயாளி படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் ஆளே இல்லை. சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் ஏழெட்டுப் படங்கள் மட்டும் தொங்கின.

அவை பாஸ்டெல் படங்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. வண்ணக்கட்டியைத் தாளில் தேய்த்து வரைவது. நூற்று ஐம்பது வருடம் போலக் கழிந்தும் அந்த வண்ணம் தாளோடு ஒட்டிப்போகவில்லை, வெறும் தூளாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அதிர்ந்தால் உதிரும். அதனால் இந்த மியூசியத்தின் மற்ற அறைகளில் உள்ள படங்கள் பெட்டியில் ஏறி வேறு நாடுகளுக்குப் போய்வந்தாலும், இவை எங்கேயும் போவதில்லை. இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. இந்தக் கட்டடத்தில் வெளியூர் போக முடியாதவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தூளோடு எனக்குப் பழைய பழக்கம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இங்கே என்னோடு வேலை செய்யும் மாலி நாட்டுக்காரரிடம் பத்து வயதில் ஆபீசில் இருந்தேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்குக் கொஞ்சம் மரியாதையாகக் கதவைத் திறந்துவிடுகிறார். அந்த ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவேன். சாயங்காலம் வெளியே வரும்போது விரல், இமை, காது மடல் எல்லாவற்றிலும் மருந்துத் தூள் இருக்கும். தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அங்கே உடம்பிலிருந்து தட்டிவிட்டதை இங்கே கண்ணாடிக்குள் வைத்துக் காவல் காக்கிறார்கள்.

பாரிசுக்கு நான் பரோட்டா மாஸ்டராக வந்தேன். அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. வேலை கொடுத்த ஓட்டல் மூடிப்போனது. என் தோள்பட்டையும் மாவு அடிக்கத் தோதில்லாமல் போனது. ஓட்டல் பெயரில் வாங்கிய, இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையை இப்போது புதிதாக வாங்க வேண்டும். விண்ணப்பித்து மூன்று வருடமாகிறது. அதுவரைக்கும் என்று கொடுத்திருக்கும் தற்காலிகத் தாள் வேலை செய்ய விடும். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடாது. ஊருக்கே திரும்பிவிட வேண்டியதுதானே என்று இதைப் படிப்பவர்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெற்றவர்கள் இல்லை. பசுவந்தனைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த தங்கை பேச்சி மட்டும் உண்டு. நாற்பத்தெட்டு வயதில் தோள் போன மனிதன் போய் இறங்கினால், மழையை நம்பி உளுந்து விதைக்கிற அந்த வீட்டில் ஒரு மூலையில்தான் உட்கார வேண்டும். அந்தப் பயம்தான் என்னை இங்கே வைத்திருக்கிறது.

அந்த அறையில் நான் அதிகம் நின்ற இடம் இரண்டு பிள்ளைகள் படத்துக்கு எதிரே. இம்ப்ரெஷனிஸ்ட் பாணிப் படம் என்று சொல்கிறார்கள். வரைந்தவர் பெயரை என் நாக்கால் சொல்ல வராது. தோட்டத்துப் பக்கம் திறந்த ஜன்னல், அதன் முன்னே ஒரு நீளமான மெத்தை இருக்கை. அதில் ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி, சாம்பல் கலந்த நீலச் சட்டையில். பக்கத்தில் நாலைந்து வயதுப் பிள்ளை, வெள்ளைக் கவுனில். தோளுக்குக் கீழே தொங்கும் முடி, அதில் ரிப்பன். சின்னப் பிள்ளையின் கால் தரைக்கு எட்டவில்லை. மூத்தவளின் கை சின்னதின் மணிக்கட்டின் மேல் இருக்கிறது. அவர்களுக்கு இடப்புறம் ஒரு நாற்காலி, பழுப்பு நிறத்தில் நாலு கோடுதான். உட்காரும் இடத்தில் வண்ணமே இல்லை, வெறும் தாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வழிகாட்டிப் பெண் இந்தப் படத்தின் முன்னால் குரலைத் தணித்துப் பேசுவாள். எனக்குத் தெரிந்த சொற்களை வைத்து, இரண்டு சகோதரிகள், அமைதி, சந்தோஷம் என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். நான் வாளியோடு கதவோரம் நிற்பேன். எனக்கு அப்படித் தெரியவில்லை. மூத்தவள் கையை ஆசையாகப் போட்டிருக்கவில்லை, பிடித்திருக்கிறாள். விட்டால் அந்தச் சின்னது ரிப்பனைப் பிய்த்து எறிந்துவிட்டு ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்கு ஓடிவிடும். கவுனுக்குள் முழங்கால் இரண்டும் அகன்று கிடக்கின்றன. உதடு இறுகியிருக்கிறது. அந்த முகத்தை நான் வேறொரு இடத்தில் பார்த்திருந்தேன். என் சட்டைப்பைக்குள் இருந்த போனில்.

பேச்சிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. எங்கள் குலசாமி கோவிலில் போய், ஆணோ பெண்ணோ ஒன்றைக் கொடு, முதல் முடியை எங்க அண்ணன் மடியில் வைத்து உனக்கு இறக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். கவின் பிறந்தான். முடியிறக்கிக் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவரைக்கும் தலையில் கத்தரி படக்கூடாது. முடியிறக்குவதற்கு முன் ஆண்பிள்ளைக்கும் சடை பின்னி, பூ வைத்து, பெண்பிள்ளை உடுப்புப் போட்டு ஸ்டூடியோவில் ஒரு படம் எடுப்பார்கள். பேச்சி புதியம்புத்தூர் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே சின்னப் பிள்ளைகளின் கவுன் தைப்பவள். மூன்று வயதில் ஒரு மஞ்சள் கவுன் தைத்துப் போட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். வைகாசியில் நடக்கும் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்துவிடுங்கள் என்றாள். நான் போக முடியவில்லை. அடுத்த வருடம் முடி இன்னும் வளர்ந்திருந்தது, சடையோடு எடுத்த படம் பழசாகிவிட்டது என்று மறுபடி எடுத்தாள். அப்போதும் போகவில்லை. ஐந்து வயதில் மூன்றாவது படம். மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தால் தெரியும். முதல் படத்தில் சிரிக்கிறான். இரண்டாவதில் எதற்கு என்று யோசிக்கிறான். மூன்றாவதில் உதடு இறுகியிருக்கிறது. படம் எடுப்பவரைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் யாரோ வருவதற்குத் தாமதமாவதுபோலக் கதவைப் பார்க்கிறான். பாஸ்டெல் படத்தில் இருப்பது அந்த மூன்றாவது முகம். கவினைப் பிறந்ததிலிருந்து நான் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

அந்த அறைக்குக் காவலாக மதாம் ஒதீல் என்ற அம்மா மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அறுபது வயதிருக்கும். காலையில் நான் பொன்ஜூர் மதாம் என்பேன், அவர் பொன்ஜூர் மெசியு என்பார். நாலு வருடமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில், எப்படி எனக்குத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை, படத்தைக் காட்டி "கார்சோன்" என்றேன். பையன் என்று அர்த்தம். அவர் துள்ளி எழுந்தார். கண்ணாடியில் விரல் தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வெளியே ஓடி, நடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பள்ளிப் பையன்களைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பையன் தொட்டான் என்று என்னைக் கேட்கிறார், அவர்கள் தொடவே இல்லை என்று கையை விரிக்கிறார்கள். எனக்கு விளக்கிச் சொல்ல மொழி வரவில்லை. கழிப்பறைக்குள் போய், வேலை முடியும்வரை ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். படத்தில் இருக்கும் சின்னதைக் காட்டி, இது பையன், நேற்று இதைத்தான் சொன்னேன் என்று கையும் சொல்லுமாகப் புரியவைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இல்லை இல்லை, இரண்டும் பெண்கள் என்றார். சரி என்று வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவரே என்னைத் தேடி மாடிப்படிக்கு வந்தார். மேலே அலுவலகத்தில் படங்களின் விவரம் வைத்திருக்கும் பெண்ணிடம் கேட்டாராம். அந்தச் சின்னது பையன்தானாம். அந்தக் காலத்தில் இங்கே ஆண்பிள்ளைகளுக்கும் ஐந்தாறு வயதுவரை கவுன்தான் போடுவார்களாம், முடியும் வெட்ட மாட்டார்களாம். பிறகு ஒருநாள் வெட்டிவிட்டுக் கால்சட்டை போடுவார்களாம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

போனை எடுத்து மூன்றாவது படத்தைக் காட்டினேன். உங்கள் மகளா, அழகு என்றார். தங்கை மகன் என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, கனகாம்பரத்தையும் சடையையும் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு, எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டார். நான் போனதும் என்றேன். நீங்கள் எப்போது போவீர்கள் என்றார். நான் சிரித்தேன். பதில் இல்லாதபோது நம் ஊரில் சிரிப்போம். இங்கே சிரித்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்ல பயணமாகட்டும் என்று வாழ்த்தினார். அன்றிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் இன்னும் போகவில்லையா என்று ஆச்சரியமாகக் கேட்கிறார். பன்னிரண்டு வருடத்தில் இந்த ஊரில் என்னை ஒருவர் ஏதாவது கேட்கிறார் என்றால் அது இந்தக் கேள்விதான். அதனால் அதைத் தடுக்கவும் மனம் வரவில்லை.

அந்தக் காலி நாற்காலியைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். யாருக்காகப் போட்டது? யாருக்காகவும் இல்லை, இந்த மாதிரி ஓவியர்கள் அப்படித்தான், போதும் என்று தோன்றினால் விட்டுவிடுவார்கள் என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைக்கு ரிப்பன் கட்டியாகிவிட்டது, கவுன் போட்டாகிவிட்டது, அக்காள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் வராத இடத்தில் யார் நாற்காலி போடுவார்கள்? உட்கார வேண்டியவர் வரவில்லை. வரைந்தவர் பார்த்துப் பார்த்து, வெறும் தாளாகவே விட்டுவிட்டார். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

வெளிச்சம் போடாமல் எடுக்கலாம் என்று ஒதீல் அனுமதித்ததால் அந்தப் படத்தைப் போனில் பிடித்துப் பேச்சிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "யாருண்ணே இந்தப் பயலு? அங்கயும் நேர்ச்சை உண்டா?" என்றாள். எப்படிப் பயல் என்று கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். அவளுக்கு அதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்றவள், தையல்காரியாகத் துணியைப் பார்க்க ஆரம்பித்தாள். "இந்தக் கவுனு இவனுக்குத் தைச்சது இல்ல. தோளு எறங்கிக் கெடக்கு பாருங்க. மூத்த பிள்ள போட்டதத்தான் இவனுக்கு மாட்டியிருக்காவ. பாத்தா பணக்காரவிய மாதிரி இருக்காவ, இதுல மட்டும் நம்மளப் போலத்தான்." பிறகு பேச்சை மாற்றினாள். வைகாசிக் கொடைக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்றும், ஆனியில் கவினை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், முடியோடு கூட்டிவராதீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் சொல்லிவிட்டார் என்றும் மெதுவாகச் சொன்னாள். கடைசியில், "இந்த வருசம் வாரீயளாண்ணே?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு மூன்று வருடமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தேன். பார்ப்போம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது போனைக் கவின் எடுத்தான். அம்மா மிஷினில் இருக்கிறாள் என்றான். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. வழக்கமாக என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன், அவன் ஏதாவது சொல்வான், அதற்குமேல் எனக்கும் பேசத் தெரியாது. அன்று அவனே பேசினான். அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று வாசலுக்கு வந்துவிட்டான் போல. மிஷின் சத்தம் குறைந்தது.

"மாமா, பால்வாடில எல்லாரும் என்னைய ஏட்டிங்காங்க."

ஏட்டி என்பது எங்கள் பக்கம் பெண்பிள்ளையைக் கூப்பிடும் சொல். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, ரொம்ப நாளாக மனத்தில் வைத்திருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"நீங்க வர வேண்டாம் மாமா. அங்கனயே இருங்க. முடிய மட்டும் வெட்டச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வேலையைக் குறைத்துக் கொடுப்பதுபோலச் சொன்னான். அந்தப் பிள்ளையின் தலையில் இருந்தது நேர்ச்சை முடி என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். அது நான் சொன்ன 'பார்ப்போம்' என்ற சொல்தான், நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது. கரிசலில் மழை நாளில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் மண் ஒட்டி ஒட்டிக் கால் கனத்துக்கொண்டே போகும். எங்காவது நின்று வழித்து எறிந்தால்தான் அடுத்த அடி.

அம்மாவிடம் கொடு என்றேன். பேச்சியிடம், இந்தக் கொடைக்கு முடியை இறக்கிவிடு, நான் வரவில்லை என்று சொன்னேன். வர முடியவில்லை என்று சொல்லவில்லை. அதை வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். மிஷின் நின்றது.

"உங்க மடின்னுல்லா நேந்துட்டேன். மாத்துனா சாமி கோவிச்சுக்கிடாதா?"

"சாமிட்ட நான் பேசிக்கிடுதேன்," என்றேன்.

"நீங்க என்னைக்குண்ணே யாருகிட்டயாவது பேசியிருக்கீய?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எங்கள் சித்தப்பா மகன் தங்கராசு எட்டயபுரத்தில் மினி பஸ் ஓட்டுகிறான். முறைக்கு அவனும் தாய்மாமன்தான். அவன் மடியில் வைத்துக்கொள் என்றேன். அதற்கு அவள், "உங்க வேட்டி ஒண்ணு இங்கன கெடக்கு. தொவச்சு வைக்கேன். அதைத் தங்கராசண்ணன் மடியில விரிச்சுக்கிடுதோம்" என்றாள். நான் சரி என்றேன். நான் வெளிநாடு கிளம்பிய அன்று அவசரத்தில் கொடியில் விட்டுவந்த வேட்டி அது. வந்து உடுத்திக்கொள்கிறேன் என்று அப்போது சொன்னேன்.

கொடை அன்று இங்கே காலை ஆறு மணி, அங்கே ஒன்பதரை. மியூசியத்தில் யாரும் வந்திருக்கவில்லை. தரையைத் துடைத்து முடித்து, மதாம் ஒதீலின் நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்தேன். போன் வந்தது. மாப்பிள்ளை, அதாவது பேச்சியின் வீட்டுக்காரர், போனை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். மேளச் சத்தம் காதைப் பிளக்க, அதிர்ந்தால் உதிரும் என்ற நினைப்பில் நான் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். அதனால் எல்லாமே ஊமையாகத்தான் நடந்தது. தங்கராசு சட்டையில்லாமல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் என் வேட்டி, நன்றாக வெளுத்து, விரித்த பிறகும் மடிப்புக்கோடு மறையாமல். அதன்மேல் கவின். பேச்சி அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், ஓடிவிடாமல். அவன் ஓடுவதாகவே இல்லை. தலையை அவனே குனிந்து கொடுத்தான். தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்ததும் நெற்றியிலிருந்து முதல் கற்றை விழுந்தது. ஐந்து வருட முடி. வேட்டி கறுப்பாகிக்கொண்டே வந்தது.

முடிந்ததும் மாப்பிள்ளை போனை அவன் முகத்துக்கு எதிரே கொண்டுபோனார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அவன் ஏதோ சொன்னான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். "தல குளுருது மாமா," என்றான். அது முதல் படத்துச் சிரிப்பு. மூன்று வயதில் இருந்த சிரிப்பு திரும்ப வந்திருந்தது. பிறகு யாரோ சந்தனம் பூச அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கராசு எழுந்து வேட்டியை நாலு முனையும் சேர்த்துப் பிடித்து, முடியோடு சுருட்டிக் கோவிலுக்குள் எடுத்துப்போனான். அதோடு போன் அணைந்தது.

அறையில் வழக்கமான மங்கல் வெளிச்சம். எதிரே இருந்தவன் ரிப்பனோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் ஒருநாள் வெட்டியிருப்பார்கள், கால்சட்டை போட்டு ஓடியிருப்பான். அதை யாரும் வரையவில்லை, அவ்வளவுதான். இடப்புறத்து நாற்காலியைப் பார்த்தேன். பிறகுதான் நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று கவனித்தேன். நாற்காலியில் காலை மடக்கிச் சம்மணமிட்டிருந்தேன். துடைக்கும் துணி மடியில் விரிந்திருந்தது. எப்போது விரித்தேன் என்று தெரியவில்லை. மாடிப்படியில் மதாம் ஒதீலின் காலடி கேட்டது. இன்னும் போகவில்லையா என்று கேட்பார். அவசரமாகத் துணியை எடுத்துவிட்டுக் காலைக் கீழே இறக்கினேன். மடியில் ஒன்றும் விழுந்திருக்கவில்லை. ஆனாலும், அந்த அறையில் எதையும் தட்டக்கூடாது என்று தெரிந்தும், இரண்டு கையாலும் மடியைத் தட்டிவிட்டுத்தான் எழுந்தேன்.